மரியா மாண்ட்டிசோரி

மரியா மாண்ட்டிசோரி (ஆகஸ்ட் 31, 1870 - மே 6, 1952) இத்தாலி நாட்டு மருத்துவரும் கல்வியாளரும் ஆவார். இவர் உருவாக்கிய மழலையர் கல்வி முறை, மாண்ட்டிசோரி முறை என இவர் பெயராலேயே வழங்குகிறது. குழந்தை தன் கைகளாலும் புலன்களாலும் தானே கற்றுக்கொள்ளும் ஆற்றல் உடையது என்பதும், பெரியவர்களின் கடமை அதற்கேற்ற சூழலை அமைத்துக் கொடுத்து விலகி நிற்பதே என்பதும் இம்முறையின் அடிப்படைக் கருத்துகள். அச்சூழலில் வகுப்பறைக் கருவிகளுக்கு நிகரான இடத்தைத் தோட்டத்துக்கும் செடிகொடிகளுக்கும் உயிரினங்களுக்கும் இவர் அளித்தார். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் சென்னை அடையாற்றிலும் கொடைக்கானலிலும் தங்கியிருந்த இவர், இயற்கை சார்ந்த கல்விக் கருத்துகளைத் தமிழ்நாட்டு மலையொன்றில்தான் விரிவாக வளர்த்தெடுத்தார்.

இளமை

மரியா, இத்தாலியின் அங்கோனா மாகாணத்தில் உள்ள கியாரவாலே என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தை அலெசாந்திரோ அரசின் நிதித்துறை அலுவலர். தாய் ரெனில்தே நூல்களைக் கற்பதில் ஆர்வமுடையவர். குடும்பம் 1873 ஆம் ஆண்டில் புளோரன்சுக்கும் 1875 ஆம் ஆண்டில் உரோமுக்கும் குடிபெயர்ந்தது.

அக்காலத்தில் இத்தாலியப் பெண்கள் உயர்கல்வி கற்றால் ஆசிரியர் ஆவதே வழக்கம். மரியாவோ 13 ஆவது வயதில் ஆண்கள் மிகுதியாகப் பயின்ற தொழில்நுட்பப் பள்ளியில் சேர்ந்தார். பின்னர் உரோம் பல்கலைக்கழகத்தில் இயற்கை அறிவியல் கற்று, 1893 ஆம் ஆண்டில் மருத்துவப் படிப்பில் நுழைந்தார். தந்தைக்கு இதில் விருப்பமில்லை. தாய் துணை நின்றார். 1896 ஆம் ஆண்டில் மரியா மருத்துவப் பட்டம் பெற்றார். இத்தாலியின் முதல் பெண் மருத்துவர் என்று இவரைப் பலர் எழுதுவது சரியன்று. இவருக்கு முன்பே சிலர் பட்டம் பெற்றிருந்தனர். ஆயினும் அத்துறையில் நுழைந்த முன்னோடிப் பெண்களுள் இவரும் ஒருவர்.

மருத்துவப் பணியும் மகனின் பிறப்பும்

பட்டம் பெற்றபின் உரோம் பல்கலைக்கழகத்தின் மனநல மருத்துவப் பிரிவில் பணியாற்றினார். அறிவு வளர்ச்சி குன்றிய குழந்தைகள் மனநோயாளிகளுடன் அடைத்து வைக்கப்பட்டிருந்ததை அங்கே கண்டார். பிரான்சு நாட்டு மருத்துவர்களான இட்டார்டு, செகுவின் ஆகியோரின் நூல்களை ஆழ்ந்து கற்ற மரியா, அக்குழந்தைகளுக்குத் தேவையானது மருந்தைவிடக் கல்வியே என்ற முடிவுக்கு வந்தார். 1900 ஆம் ஆண்டில் இத்தகைய குழந்தைகளுக்கான ஆசிரியர்களைப் பயிற்றுவிக்கும் நிறுவனம் உரோமில் தொடங்கப்பட்டபோது அதன் இயக்குநர்களுள் ஒருவரானார்.

உடன் பணியாற்றிய மருத்துவர் யுசேப்பே மொந்தேசானோவுக்கும் மரியாவுக்கும் 1898 மார்ச் 31 அன்று மாரியோ என்ற மகன் பிறந்தான். இருவரும் திருமணம் செய்துகொள்ளவில்லை. குழந்தை இருப்பது வெளியே தெரிந்தால் மரியாவின் பணி முடிந்துவிடும் நிலை இருந்தமையால், மாரியோ நாட்டுப்புறத்தில் வளர்ப்புப் பெற்றோரிடம் விடப்பட்டான். உலகின் குழந்தைகளுக்காக வாழ்ந்த இவரால் தம் மகனின் குழந்தைப் பருவத்தை அருகிருந்து காண இயலவில்லை. 1912 ஆம் ஆண்டின் இறுதியில் தாய் இறந்தபின், வளர்ந்த சிறுவனான மாரியோவை மரியா தம்முடன் அழைத்துக்கொண்டார். அதன் பின்னரும் பல்லாண்டுகள் அவர் உறவினராகவோ வளர்ப்பு மகனாகவோதான் பிறருக்கு அறிமுகம் செய்யப்பட்டார்.

குழந்தைகள் இல்லம்

1907 சனவரி 6 அன்று, மூன்று அரசர் திருநாளில், உரோமின் ஏழைக் குடியிருப்பான சான் லொரென்சோவில் முதல் குழந்தைகள் இல்லம் திறக்கப்பட்டது. அடுக்குமாடிக் குடியிருப்பில் பெற்றோர் வேலைக்குச் சென்றபின் தனித்திருந்த பிள்ளைகள் சுவர்களையும் படிகளையும் பாழாக்குவதைத் தடுக்க விரும்பிய கட்டட நிறுவனமே இதற்கு இடமளித்தது. பள்ளி வயதை எட்டாத ஏறத்தாழ 50 பிள்ளைகள் அங்கே சேர்க்கப்பட்டனர்.

மரியா முன்பு பயன்படுத்திய கற்றல் கருவிகளை இங்கே வைத்து, பிள்ளைகள் அவற்றைக் கையாளும் விதத்தைக் கவனித்தார். அவர்கள் ஒரே செயலை மீண்டும் மீண்டும் ஆழ்ந்த கவனத்துடன் செய்தனர். பொம்மைகளைவிடக் கருவிகளையும் வீட்டு வேலைகளையும் விரும்பினர். பரிசும் தண்டனையும் இன்றியே ஒழுங்குடன் நடந்தனர். கனமான பள்ளி இருக்கைகளை நீக்கி, குழந்தைகளே தூக்கக்கூடிய சிறிய நாற்காலி, மேசைகளையும் அவர்கள் கைக்கெட்டும் உயரத்தில் அலமாரிகளையும் மரியா அமைத்தார்.

இவருக்கு முன்பே, செருமனியில் லூத்தரன் போதகர் ஒருவரின் மகனாகப் பிறந்த பிரீட்ரிக் புரோபல் (1782 - 1852) மழலையர் பள்ளிக்குக் குழந்தைகளின் தோட்டம் என்று பொருள்படும் பெயரைச் சூட்டியிருந்தார். அவருடைய பள்ளிகளில் விளையாட்டும் பாடலும் தோட்டவேலையும் முதன்மை பெற்றன. மரியா அவரிடமிருந்து ஓரளவு வேறுபட்டார். குழந்தை தன் விருப்பத்தால் செய்யும் செயலை அவர் விளையாட்டு என்பதைவிட வேலை என்று அழைப்பதையே விரும்பினார். கற்பனை விளையாட்டைவிட உண்மையான பொருள்களுடன் பழகுவதே சிறு குழந்தைக்கு ஏற்றது எனக் கருதினார். எனினும் மண்ணும் செடியும் குழந்தைக்கு இன்றியமையாதவை என்பதில் இருவரும் ஒன்றுபட்டனர்.

1909 ஆம் ஆண்டில் வெளியான இவரது முதல் பெரும் கல்வி நூலில் இயற்கைக்கென ஓர் இயல் ஒதுக்கப்பட்டது. செடிக்கு நீர் ஊற்றாவிடில் அது வாடும், விலங்குக்கு உணவிடாவிடில் அது பசியால் துன்புறும் என்பதைக் கண்டறியும் குழந்தை, யாரும் ஏவாமலே பொறுப்பை உணர்கிறது. விதைத்தவுடன் காய் கிடைக்காது என்பதிலிருந்து பொறுமையைக் கற்கிறது என்பது அதன் சாரம்.

கன்னியர் மடத்துப் பள்ளி

1908 டிசம்பர் 28 அன்று இத்தாலியின் தென்பகுதியில் மெசினா நகரை ஒரு பெரும் நிலநடுக்கம் அழித்தது. அதில் பெற்றோரை இழந்த பிள்ளைகளுள் ஏறத்தாழ 60 பேர், உரோமின் யுஸ்தி தெருவில் இருந்த மரியாவின் பிரான்சிசுக மறைப்பணிச் சகோதரிகளின் மடத்தில் சேர்க்கப்பட்டனர். அங்கே மாண்ட்டிசோரி முறையில் ஒரு குழந்தைகள் இல்லம் நடத்தப்பட்டது.

இப்பிள்ளைகளுள் பலருடைய பெயரோ குடும்பமோ தெரியவில்லை. அவர்கள் பேசாமலும் உண்ணாமலும் உறங்காமலும் அதிர்ச்சியில் இருந்தனர். சகோதரிகள் அவர்களுக்கு உணவு மேசையை ஒழுங்குபடுத்தவும், பாத்திரங்களைக் கவனமாக எடுத்துவைக்கவும், தோட்டத்தில் ஈடுபடவும் பழக்கினர். சிறிது சிறிதாகப் பிள்ளைகளுக்குப் பசியும் உறக்கமும் திரும்பின. பின்னர் மகிழ்ச்சியும் திரும்பியது. சான் லொரென்சோவில் ஏழ்மையில் வளர்ந்த பிள்ளைகளிடம் கண்ட மாற்றத்தை, பேரிழப்புக்கு ஆளான பிள்ளைகளிடமும் மரியா இங்கே கண்டார். ஆசிரியர் பயிற்சி வகுப்பு ஒன்றும் இம்மடத்தில் நடைபெற்றது. கிறித்தவத் துறவியர் நடத்திய மழலையர் பள்ளியில் இம்முறை வேரூன்றியதற்கு இது தொடக்க கால எடுத்துக்காட்டு ஆகும்.

பார்சிலோனாவும் சமயக் கல்வியும்

மரியா கத்தோலிக்க சமயத்தில் ஆழ்ந்த பற்றுடையவர். 1915 ஆம் ஆண்டு முதல் எசுப்பானியாவின் பார்சிலோனா நகரில் இவருடைய மாணவியான அன்னா மக்கெரோனி ஒரு மாதிரிப் பள்ளியை நடத்தினார். மரியாவும் அந்நகரையே தம் இருப்பிடமாகக் கொண்டார். அங்கே குழந்தைகளுக்கென்றே சிறிய இருக்கைகளுடன் ஒரு வழிபாட்டு அறை அமைக்கப்பட்டது.

அப்பள்ளியில் மேற்கொள்ளப்பட்ட முயற்சிகளுள் ஒன்று குறிப்பிடத்தக்கது. திருப்பலிக்கு வேண்டிய அப்பத்துக்கும் இரசத்துக்கும் உரிய கோதுமையையும் திராட்சையையும் குழந்தைகளே தோட்டத்தில் பயிரிட்டனர். மண்ணைக் கிளறி விதைத்து, முளைப்பதைக் கண்டு, அறுவடை வரை காத்திருந்த அவர்களுக்கு வழிபாட்டின் பொருள் மனப்பாடத்தால் அன்றி உழைப்பால் விளங்கியது. சமயக் கல்வியையும் இயற்கைக் கல்வியையும் மரியா வேறு வேறாகக் கருதவில்லை என்பதற்கு இது சான்று. இவ்வனுபவங்களை 1922 ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டார்.

இதே காலத்தில் கத்தோலிக்கர் சிலர், குழந்தைக்கு இவ்வளவு உரிமை அளிப்பது மனிதரின் பிறவிப் பாவம் பற்றிய கோட்பாட்டுக்கு முரணானது என்று இவரை எதிர்த்தனர். மறுபுறம், இம்முறையை அறிவியல் அடிப்படையில் மட்டுமே ஏற்றோர் இவரது சமயப் பற்றை விரும்பவில்லை.

அரசியல் நெருக்கடிகள்

1924 ஆம் ஆண்டு முதல் முசோலினியின் அரசு மாண்ட்டிசோரி பள்ளிகளை ஆதரித்தது. மரியாவும் அவ்வாதரவை ஏற்றுக்கொண்டார். இது இவருடைய வாழ்வில் மிகுதியாகக் குறைகூறப்பட்ட முடிவாகும். பள்ளிகளைப் பாசிச அரசு தன் கட்டுப்பாட்டில் கொண்டுவர முயன்றபோது உறவு முறிந்தது. 1934 ஆம் ஆண்டில் மரியா அவ்வரசிலிருந்து முற்றிலும் விலகினார். இத்தாலியிலும் நாசி செருமனியிலும் மாண்ட்டிசோரி பள்ளிகள் மூடப்பட்டன. 1936 ஆம் ஆண்டில் எசுப்பானிய உள்நாட்டுப் போர் மூண்டதும் பார்சிலோனாவிலிருந்து வெளியேறி, நெதர்லாந்தில் குடியேறினார்.

சென்னை வருகை

இந்தியாவில் மாண்ட்டிசோரியின் கருத்துகள் அவர் வருவதற்கு முன்பே பரவியிருந்தன. குசராத்தின் பாவ்நகரில் கிசுபாய் பதேக்கா 1920 ஆம் ஆண்டில் தொடங்கிய பால மந்திர் இக்கருத்துகளைத் தழுவியது. காந்தியடிகள் 1931 ஆம் ஆண்டில் இலண்டனில் மரியாவைச் சந்தித்தார்.

பிரம்மஞான சபையின் தலைவர் சார்ச்சு அருண்டேல், அவருடைய மனைவி ருக்மிணி தேவி ஆகியோரின் அழைப்பை ஏற்று, 1939 நவம்பரில் மரியாவும் மாரியோவும் சென்னை வந்தனர். அப்போது மரியாவுக்கு வயது 69. அடையாற்றில் ஓலைக் கொட்டகைகளில் நடந்த முதல் பயிற்சி வகுப்பில் 300க்கும் மேற்பட்டோர் சேர்ந்தனர். மரியா இத்தாலிய மொழியில் உரையாற்ற, மாரியோ ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். சில மாதங்கள் மட்டும் தங்கும் நோக்கத்துடன் வந்த இவர்களது பயணத்தைப் போர் மாற்றிவிட்டது.

1940 சூன் மாதம் இத்தாலி போரில் இறங்கியது. இந்தியாவை ஆண்ட பிரித்தானிய அரசு இத்தாலியர்களைப் பகை நாட்டினராக அறிவித்தது. மாரியோ அகமதுநகர் முகாமில் அடைக்கப்பட்டார். மரியா அடையாறு சபை வளாகத்தை விட்டு வெளியேறத் தடை விதிக்கப்பட்டது. அவருடைய 70 ஆவது பிறந்தநாளான ஆகஸ்ட் 31 அன்று அரசுப் பிரதிநிதியின் ஆணையால் மாரியோ விடுவிக்கப்பட்டார். அது குறித்து வந்த செய்தியில் மாரியோ அவருடைய மகன் என்றே குறிக்கப்பட்டிருந்தார். நாற்பது ஆண்டுகளுக்கு மேல் மறைக்கப்பட்ட உறவு இவ்வாறு அரசின் வாயிலாக வெளிப்படையானது. எனினும் போர் முடியும்வரை இருவரும் நாடு திரும்ப இயலவில்லை.

கொடைக்கானல்

1942 ஏப்ரலில் சப்பானிய விமானங்கள் கொழும்பு, விசாகப்பட்டினம், காக்கிநாடா ஆகிய துறைமுகங்களைத் தாக்கின. தாக்குதல் அச்சத்தால் சென்னையிலிருந்தும் மக்கள் பெருமளவில் வெளியேறினர். அவ்வாண்டு முதல் 1944 வரை மரியாவும் மாரியோவும் கொடைக்கானலில் தங்கினர்.

கடல் மட்டத்திலிருந்து 2,100 மீட்டருக்கு மேல் அமைந்த கொடைக்கானல், அமெரிக்க மறைப்பணியாளர்கள் 1845 ஆம் ஆண்டில் கட்டிய வீடுகளிலிருந்து வளர்ந்த ஊர். ஏரியும் சோலைக் காடுகளும் நீரோடைகளும் சூழ்ந்த அவ்வூரில் மரியா ஒரு சிறிய பள்ளியை நடத்தினார். இலங்கையைச் சேர்ந்த லேனா விக்கிரமரத்தின அவருக்குத் துணை நின்றார். வெவ்வேறு வயதுக் குழந்தைகள் ஒன்றாகப் பயின்றனர். மழலையருக்காகத் தொடங்கிய இம்முறை 12 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கும் இங்கே விரிவடைந்தது.

பள்ளியின் சுவருக்கு வெளியே நேரடியாகக் காடும் நீர்நிலையும் இருந்தமையால், தாவரவியல், விலங்கியல், புவியியல் ஆகிய பாடங்கள் வெளியிலிருந்தே தொடங்கின. இலை, வேர், பூச்சி, கல் என்று குழந்தைகளின் கண்ணில் பட்டவற்றைப் பார்த்து, பெயரிட்டு, வகைப்படுத்தும் வகையில் மரியாவும் மாரியோவும் புதிய கற்றல் கருவிகளையும் படங்களையும் உருவாக்கினர். ஒவ்வோர் உயிரும் பிற உயிர்களுக்கும் நிலத்துக்கும் நீருக்கும் ஒரு பணியைச் செய்கிறது. மனிதரும் அவ்வாறே கடமைப்பட்டவர் என்ற கருத்தை மையமாகக் கொண்ட இக்கல்வியை மரியா அண்டக் கல்வி என்று அழைத்தார். 1930களிலேயே இக்கருத்தை அவர் பேசத் தொடங்கியிருந்தாலும், கொடைக்கானலில்தான் அது நடைமுறைப் பாடத்திட்டமாக வடிவம் பெற்றது. பாதிரியாரும் நிலவியலாளருமான அந்தோனியோ ஸ்தொப்பானியின் எழுத்துகளும் இக்கருத்துக்கு ஊற்றாக அமைந்தன.

சிறு குழந்தைகளைப் பொறுத்தவரை இவர் வற்புறுத்தியவை எளியவை. குழந்தையுடன் நடப்பவர் குழந்தையின் நடைவேகத்தில் நடக்கவேண்டும். அது நின்று எறும்பைப் பார்த்தால் தாமும் நிற்கவேண்டும். மழைக்கும் ஈரப் புல்லுக்கும் அஞ்சிக் குழந்தையை அறைக்குள் பூட்டலாகாது. பூவின் பெயரைச் சொல்லிக் கொடுப்பதற்கு முன் பூவைத் தொட்டு முகர விடவேண்டும்.

பிற்காலம்

1944 ஆம் ஆண்டில் கொழும்பில் பயிற்சி வகுப்பு நடத்தினார். 1946 ஆம் ஆண்டில் ஐரோப்பா திரும்பிய மரியா, 1947 ஆம் ஆண்டில் மீண்டும் அடையாறு வந்து பல நகரங்களில் வகுப்புகள் நடத்தி, 1949 ஆம் ஆண்டில் விடைபெற்றார். இந்தியாவில் குழந்தைகள் தாயின் இடுப்பிலேயே சந்தைக்கும் வயலுக்கும் சென்று, உலகத்தையும் மொழியையும் இயல்பாக உள்வாங்குவதை அவர் வியந்து கவனித்தார். பிறந்தது முதல் ஆறு வயது வரை குழந்தையின் மனம் சூழலைத் தன்னுள் ஈர்த்துக்கொள்கிறது என்ற அவரது கொள்கையை விளக்கும் நூல், அகமதாபாத்தில் ஆற்றிய உரைகளின் அடிப்படையில் 1949 ஆம் ஆண்டில் அடையாற்றில் வெளியானது. அவருடைய வேறு சில நூல்களைக் கலாசேத்திரா வெளியிட்டது.

1949, 1950, 1951 ஆகிய ஆண்டுகளில் அமைதிக்கான நோபல் பரிசுக்கு இவர் பெயர் முன்மொழியப்பட்டது, பரிசு கிடைக்கவில்லை. 1952 மே 6 அன்று நெதர்லாந்தின் நூர்ட்வைக் கடற்கரை ஊரில் காலமான மரியா, அங்குள்ள கத்தோலிக்கக் கல்லறையில் அடக்கம் செய்யப்பட்டார். மாரியோ 1982 ஆம் ஆண்டில் இறக்கும்வரை தாயின் பணியைத் தொடர்ந்தார்.

தாக்கமும் திறனாய்வும்

மாண்ட்டிசோரி என்ற பெயருக்குத் தனியுரிமை இல்லை. 1967 ஆம் ஆண்டில் அமெரிக்க வணிகக் குறி ஆணையம் அது பொதுச்சொல் என்று முடிவு செய்தது. இந்தியாவிலும் பயிற்சி பெற்ற ஆசிரியரோ கருவிகளோ இல்லாத பள்ளிகள்கூட இப்பெயரைத் தாங்கியுள்ளன. ஏழைக் குடியிருப்பில் பிறந்த இம்முறை கட்டணம் மிகுந்த பள்ளிகளின் அடையாளமாக மாறியது என்பது இதன் மீதான முதன்மையான குறைகூறல்களுள் ஒன்று. மரக் கருவிகளை வாங்கி வைத்த பல நகர்ப்புறப் பள்ளிகளில், அவர் அவற்றுக்கு நிகராக வற்புறுத்திய மண்ணுக்கும் செடிக்கும் இடமில்லாமல் போனது.

தமிழ்நாட்டில் இம்முறை அரசுப் பள்ளிகளையும் எட்டியது. 2003 ஆம் ஆண்டில் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிப் பின்னர் மாநிலம் முழுவதும் விரிவுபடுத்தப்பட்ட செயல்வழிக் கற்றல், மாண்ட்டிசோரியின் கருத்துகளையும் உள்வாங்கியது. 2019 சனவரியில் 2,381 அங்கன்வாடி மையங்களில் இம்முறையைச் சார்ந்த மழலையர் வகுப்புகளை மாநில அரசு தொடங்கியது. செலவு மிகுந்த கருவிகள் கிடைக்காத சிற்றூர்ப் பள்ளிகளிலும் ஒரு பாத்தி மண்ணும், ஒரு பிடி விதையும், குழந்தையின் வேகத்தில் நடக்கும் ஆசிரியரும் இருப்பின் மாண்ட்டிசோரியின் இயற்கைக் கல்வியைத் தொடங்க இயலும். மெசினாவின் ஆதரவற்ற பிள்ளைகளை மீட்ட மடத்துப் பள்ளியும் கொடைக்கானலின் சிறு பள்ளியும் இதற்கு முன்மாதிரிகளாக விளங்குகின்றன.